பால் பொங்கிய திசை

என் வயிற்றில் பத்து மாதம் வாடகை இல்லாமல் குடியிருந்தவனே, இப்போது சொந்த வீட்டுக்காரனாகிவிட்ட என் மகனே, நல்லா இரு.

உன் கல்யாணத்துக்கு உன் சிநேகிதர்கள் ஒரு மலர் அச்சடிக்கப்போகிறார்களாம். மாப்பிள்ளையைப் பெற்றவள் நாலு வரி எழுதித் தர வேண்டும் என்று வந்து நின்றார்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவளிடமா கேட்கிறீர்கள் என்றேன். பேசுகிற மாதிரியே எழுதினால் போதும் என்றார்கள். நான் பேசுவது என்றைக்கு நாலு வரியில் நின்றிருக்கிறது? அதை அவர்கள் முன்னமே யோசித்திருக்க வேண்டும், இனி அவர்கள் பாடு. உன் அய்யா மட்டும், "சீரும் சிறப்புமா இருங்கன்னு எழுதிட்டு எந்திரிச்சு வா" என்றார். அப்படி வாழ்த்த நம் சனத்தில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எனக்கு அச்சில் வர வேண்டியது வேறு. இந்த வருஷம் நீ என் பேச்சைத் தட்டினாய். தட்டியதற்காக நான் உன்னை நினைத்துப் பெருமைப்படுகிறேன். இதை உன் காதில் சொன்னால் உனக்குத் தலைக்கனம் ஏறும், அதனால் ஊருக்கே சொல்லிவிடுகிறேன்.

மலரைக் கையில் வாங்கப்போகும் சம்பந்தி வீட்டார், வேட்டை நாய்க்குப் பேர்போன கோம்பை ஊர்க்காரர்கள். நாய்க்குட்டி வாங்குவதென்றாலே காதைத் தூக்கி, பல்லைப் பார்த்து, நடக்கவிட்டுப் பார்த்து வாங்குகிற ஊர். அவர்களுக்கு இந்தக் கதை சீக்கிரம் புரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: நான் சின்னமனூர்ப் பக்கம் வயல்களுக்கு நடவு ஆள் கூட்டிப் போகிறவள். பதினைந்து வயதில் சேற்றில் இறங்கிய கால், இன்னும் முழுதாகக் கரை ஏறவில்லை. நீ டிராக்டரும் தண்ணீர் மோட்டாரும் பழுது பார்க்கிறவன். உன் கையில் கிரீஸ், என் காலில் சேறு. நம் வீட்டில் சோப்புக்கு மட்டும் என்றைக்கும் ஓய்வு கிடையாது.

முதலில் என் பக்கத்துத் தப்பைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் இப்போது இருக்கிற வீட்டை வாங்கியது ஒரு சித்திரை மாதம், உனக்கு அப்போது ஒரு வயது. வாங்குவதற்கு முன்னால் நானும் உன் அய்யாவும் போய்ப் பார்த்தோம். என்ன பார்த்தோம்? வாசல் கிழக்கே இருக்கிறதா என்று பார்த்தோம். நாங்கள் உள்ளே நுழைந்ததும் பல்லி கத்தியது, அது நல்ல இடத்தில் கத்தியதா என்று பார்த்தோம். அத்தோடு சரி. பிறகு நாள் பார்த்துப் பால் காய்ச்சினோம். மூன்று செங்கலைத் தரையில் வைத்து, புதுப் பானையில் ஊற்றிய பால், பொங்கி வடக்குப் பக்கமாக வழிந்தது. கூடி நின்ற பெண்களுக்குச் சந்தோஷம் தாளவில்லை. வடக்கே பொங்கினால் குபேரனே வந்து உட்கார்ந்த மாதிரி என்று குலவை போட்டோம். உன் அய்யா சிரித்ததை நான் பார்த்த நாட்களில் அதுவும் ஒன்று, அந்த நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

ஆனி பிறந்தது. பெரியாற்றுத் தண்ணீரை வாய்க்காலில் திறந்தார்கள். வீட்டைச் சுற்றியிருந்த வயல்களில் தண்ணீர் கட்டி உழுதார்கள். ஒருநாள் காலையில் எழுந்தால் பாய் நனைந்திருக்கிறது. நீதான் நனைத்திருப்பாய் என்று உன்னைத் தூக்கி நிறுத்தி முதுகில் ஒன்று வைத்தேன். பாவம், அன்றைக்கு நீ குற்றவாளி இல்லை. தரைக்குக் கீழேயிருந்து தண்ணீர் ஊறி வந்து, மெல்ல நகர்ந்து நகர்ந்து, வடக்குச் சுவரோரம் இருந்த அரிசிப் பானைக்குக் கீழே போய் நின்றது. உன் அய்யா அதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பாலு சரியாத்தான் சொல்லிருக்கு. நமக்குத்தான் புரியல" என்றார். தரை வடக்கே சாய்ந்திருந்தது, அவ்வளவுதான். பால் எங்களுக்குப் பள்ளத்தைக் காட்டியது. நாங்கள் பள்ளத்துக்குக் குலவை போட்டிருக்கிறோம்.

இதைச் சிரித்துக்கொண்டே எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். சிரிக்காமல் சொல்ல வேண்டிய பாதி ஒன்று இருக்கிறது, அதை யாரிடமும் சொன்னதில்லை. ஒவ்வொரு வருஷமும் ஆனி, ஆடி வந்தால் உனக்கு இருமல் வரும். நெஞ்சு விசில் அடிக்கும். திருநீறு போட்டேன், கஷாயம் காய்ச்சினேன், பிள்ளைக்குக் கண் பட்டுவிட்டது என்று மிளகாய் சுற்றினேன். உன்னைப் படுக்க வைத்திருந்த இடத்தில் சுவர் முழங்கால் உயரத்துக்கு ஈரமாக இருந்தது. அதைச் சுண்ணாம்பு அடித்து மறைத்தேனே தவிர, சுவருக்கும் உன் நெஞ்சுக்கும் உறவு இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பல வருஷம் கழித்து, தொழில் கற்ற கையோடு வீட்டைச் சுற்றி நீயே ஒரு வடிகால் தோண்டினாய். அடுத்த ஆனியில் நீ இருமவில்லை. நான் வாயை மூடிக்கொண்டேன். இப்போது எழுதிவிட்டேன், மன்னித்துக்கொள்.

இவ்வளவு பட்டவள் இந்த வருஷம் என்ன செய்தேன்? பங்குனியில் உனக்குப் பெண் அமைந்தது. கல்யாணத்துக்கு முன்னால் தனியாக ஒரு வீடு வாங்க வேண்டும் என்றாய். சேர்த்து வைத்ததெல்லாம் இந்த ஒரு வீட்டுக்குத்தான், இது தப்பினால் இன்னொன்று வாங்க வயசாகிவிடும் என்றும் சொன்னாய். நான் அடுத்த நாளே பேச்சி மதினி வீட்டில் காப்பி குடித்துக்கொண்டே வீட்டை முடித்துவிட்டேன். பேச்சி எனக்கு ஊர் முறைக்கு மதினி, போடிப் பக்கமிருந்து இங்கே வாழ வந்தவள். ஊருக்கு வெளியே புதிதாகப் போட்ட மனைகளில் ஒன்றை வாங்கி, ஆசையாக வீடு கட்டியவள். அவள் வீட்டுக்கார அண்ணன் இறந்துபோன பிறகு தனியாக இருக்க முடியவில்லை, திருப்பூரில் மகளோடு போய் இருக்கலாம் என்று விற்க நினைத்தாள். நல்ல வீடு, முன்னால் வளைவு வாசல், அடுப்படியில் பளபளவென்று ஓடு. "எம் மகன்தான் வாங்குறான், வேற ஆருக்கும் காட்டாத மதினி" என்று கையைப் பிடித்துச் சொன்னேன். அவளும் அதற்கப்புறம் வந்து கேட்டவர்களைத் திருப்பி அனுப்பினாள். என் வாய்ச்சொல் அவ்வளவு கெட்டி.

நீ வந்து, ஒரு இன்ஜினியரைக் கூட்டி வந்து வீட்டைப் பரிசோதித்துவிட்டுத்தான் முடிவு சொல்வேன் என்றாய். எனக்கு எங்கிருந்து கோபம் வந்ததோ. "பேச்சி வீட்டுச் சுவத்தத் தட்டிப் பாக்க ஆளக் கூட்டியாறது, அவ மூஞ்சியத் தட்டிப் பாக்குற மாதிரிடா. நாஞ் சொல்லிட்டேன்ல" என்றேன்.

"அம்மா, ஒரு பழைய மோட்டார் வந்தாக்கூட நான் கழட்டிப் பாக்காம வெல பேச மாட்டேன். வீட்டக் கழட்ட முடியாது. அதான் தெரிஞ்சவுகள வச்சுப் பாக்கணும்ங்கிறேன்."

"கோம்பைக்குப் பொண்ணு பாக்கப் போனியே, அங்கன ஒரு கேள்வி கேட்டியாலே? காப்பியக் குடிச்சுட்டு மாடு மாதிரி தலைய ஆட்டிட்டு வந்த."

"எங்கிட்டு கேக்க? அந்தப் பிள்ள என்னையக் கேட்டு முடிக்கவே நேரம் பத்தல" என்றாய்.

உன் அய்யா சோற்றுத் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் தோள் குலுங்கினார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, ஆனால் கோபத்தைக் கைவிட மனசில்லை. மூன்று நாள் உன்னோடு பேசாமல் இருந்தேன். என் சரித்திரத்தில் அதுதான் அதிகம். நீ அசையவில்லை. என்னை எதிர்த்துக் கத்தவும் இல்லை. நேராகப் பேச்சியிடம் போய், "அத்தை, அம்மா சொன்னது சொன்னதுதான். ஆனா பாத்துட்டுத்தான் வாங்குவேன். ஒங்களுக்கு வருத்தம்னா இப்பவே சொல்லிருங்க" என்று கேட்டிருக்கிறாய். அவள் சரி என்றாள். அன்றைக்கு அவளுக்கு வருத்தம்தான், பிறகு என்னிடம் சொன்னாள்.

பெரிய மீசையோடு ஒருத்தர் வருவார் என்று நான் எதிர்பார்த்தேன். ஸ்கூட்டியில் ஒல்லியாக ஒரு பெண் வந்து இறங்கியது. இந்தப் பிள்ளையை ஊதினால் மேகமலைக்குப் பறந்துவிடுமே, இதுவா வீட்டுக்கு வைத்தியம் பார்க்கப்போகிறது என்று கிண்டல் செய்தேன். அந்தப் பெண் சிரித்துவிட்டு வேலையைப் பார்த்தது. கொத்தனார் வைத்திருப்பாரே, அந்த ரசமட்டத்தைத் தரையில் வைத்தது. சின்னச் சுத்தியலால் சுவரைத் தட்டித் தட்டிக் காதை வைத்துக் கேட்டது. ஈரம் பார்க்கிற கருவி ஒன்றைச் சுவரில் அழுத்தியது. மொட்டை மாடிக்கு ஏறியது, கழிவுத் தொட்டி மூடியைத் திறந்தது, மின்சாரப் பெட்டியைத் திறந்தது. இரண்டு மணி நேரம். நான் என் மருமகளைக்கூட அப்படிப் பார்க்கவில்லை. புது வண்ணத்துக்குக் கீழே உப்புப் பூத்திருக்கிறது என்றது. அடுப்படியில் அந்தப் பளபள ஓடு ஒட்டிய மூலையைத் தட்டினால் சத்தம் பொய்யாக வருகிறது, பின்னால் விரிசலை அடைத்திருக்கிறார்கள் என்றது. பேச்சிக்கு ஒன்றும் தெரியாது, கட்டியவன் அடைத்துக் கொடுத்ததை நம்பியிருக்கிறாள். கடைசியில் அந்தப் பெண் சர்வே நம்பரைப் போட்டு எடுத்த நில வரைபடத்தை விரித்தது. அதில் ஒரு வாய்க்கால் கோடு, சரியாக அந்த அடுப்படி மூலையைத் தொட்டுக்கொண்டு போகிறது. தரையில் வாய்க்கால் இல்லை.

"இந்த எடம் முன்னாடி என்னவா இருந்துச்சுன்னு யாருக்காச்சும் தெரியுமாம்மா?" என்று கேட்டது. பேச்சி தெரியாது என்றாள். நானும் தெரியாது என்றேன். பொய் இல்லை, அப்போது எனக்குத் தெரியாது. முன்பக்கத்துத் தார் ரோடும் வளைவு வாசலும் கம்பிவேலியும் பார்த்து வந்தவளுக்கு என்ன தெரியும்? சித்திரை முடிந்து வைகாசி, தண்ணீர் திறக்கவில்லை, எங்கே பார்த்தாலும் கட்டாந்தரை. நீங்கள் டேப்பைப் பிடித்து அளந்துகொண்டிருந்தீர்கள். எனக்குப் பொழுது போகவில்லை, பின்பக்கமாக நடந்து பழைய கரைமேல் ஏறினேன். அங்கே புல்லுக்குள், வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடுகிற மடைக்கல் ஒன்று கிடந்தது, ஒரு முனை உடைந்த கல். கால் தானாகப் போய் அதன்மேல் உட்கார்ந்தது. அந்த உடைந்த முனையில்தான் நாங்கள் பத்து இருபது பெண்கள், வேலை முடிந்து கரையேறியதும், குதிகால் சேற்றை வழித்துவிட்டுத் தூக்குவாளியை எடுப்போம். நான் அந்த வயலுக்கு எப்போதும் கரைப் பக்கமாக வந்தவள், ரோட்டுப் பக்கமாக வந்ததே இல்லை. முன்னாலிருந்து பார்த்தபோது கண்ணுக்குத் தெரியாத வயலை, பின்னாலிருந்து கால் கண்டுபிடித்துவிட்டது.

அது உளைவயல். நடவு ஆட்கள் வைத்த பெயர். அந்த மூலையில் கால் வைத்தால் சேறு இடுப்பு வரை இழுக்கும், அதனால் அதைக் கடைசியாகத்தான் நடுவோம். நான் அங்கே நின்றதை யாரும் பார்க்கவில்லை. பேசாமல் இறங்கி வந்திருக்கலாம். என் வார்த்தை நிற்கும், பேச்சி திருப்பூர் போவாள், இன்ஜினியர் சொன்னதை "அதெல்லாம் பூசிக்கலாம்" என்று நான் பேசியே கரைத்திருப்பேன். என் வாய்க்கு அந்தச் சாமர்த்தியம் உண்டு. ஒரு வெற்றிலையைக் கிள்ளி மடிக்கிற நேரம் அப்படியே நின்றேன். அப்போது நீ, திறந்திருந்த பின்கதவு வழியே தெரிந்த அடுப்படி மூலையில் மண்டியிட்டு டேப் முனையைப் பிடித்துக்கொண்டிருந்தாய். சுத்தியல் தட்டிய தூசி உன் மூக்கில் ஏறியது. நீ இருமினாய்.

நான் இறங்கி வந்தேன். "மதினி, இது உளைவயலு. இதுல நான் நட்டிருக்கேன். ஒன் அடுப்படி இருக்குற எடத்துல இடுப்பு மட்டும் இறங்கிட்டேன், நாலு பேரு சேந்து என்னையத் தூக்குனாக" என்றேன்.

பேச்சி என்னைப் பார்த்தாள். "காப்பி குடிச்சப்பத் தெரியலையாக்கும்" என்றாள். இன்ஜினியர் பெண் பேனாவை எடுத்துக்கொண்டு என்னை உட்கார வைத்து, எத்தனை வருஷத்துக்கு முன்னால், எவ்வளவு ஆழம், தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வரும், எந்த மாதம் வடியும் என்று கேட்டுக் கேட்டு எழுதியது.

வீடு வேண்டாம் என்றாகிவிட்டது. நான் போய் எந்த முகத்தோடு சொல்வது என்று புழுங்கிக்கொண்டிருந்தேன். நீ எனக்கு முன்னால் போய்விட்டாய். வேறு யாராக இருந்தாலும் தப்பித்தோம் என்று அந்தத் தெருவையே எட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள். நீ அந்த இன்ஜினியர் எழுதிக் கொடுத்த அறிக்கையின் நகலைப் பேச்சி கையில் கொடுத்து, "அத்தை, நான் வாங்கலன்னாலும் நீங்க இதுக்குள்ளதான் இருக்கீக. தண்ணி திறக்குறதுக்குள்ள அடுப்ப முன்ரூமுக்கு மாத்திருவோம்" என்று சொல்லியிருக்கிறாய். அவள் கதவைச் சாத்தினாளாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி போயிருக்கிறாய். அதற்கடுத்த ஞாயிறு கொத்தனாரோடு போய், சிலிண்டரையும் அடுப்பையும் முன்னால் மாற்றி, அடுப்படிக் கூரைக்கு முட்டுக் கொடுத்து, கரையோரம் தண்ணீர் போக ஒரு வழி வெட்டிவிட்டு வந்தாய். வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. உன் சட்டையில் சிமெண்ட் இருந்தது, நான் கிரீஸ் என்று நினைத்துத் துவைத்தேன்.

ஆனியில் தண்ணீர் திறந்த ஐந்தாம் நாள், பேச்சி போன் செய்தாள். நாற்பது நாளைக்குப் பிறகு முதல் பேச்சு. "மதினி, நீ சொன்ன மூலையில தண்ணி ஊறுது. சொவரு ஒரு வெரல் அகலம் கீழ இறங்கிருச்சு. நான் முன்ரூமுல சமைச்சுக்கிட்டு இருக்கேன்" என்றாள். பிறகு, "ஒம் மகன நல்லா வளத்திருக்க" என்றாள். நான் எங்கே வளர்த்தேன், அவன் நனைந்த பாயில் தானாக வளர்ந்தான் என்று சொல்ல நினைத்தேன். சொல்லாமல் போனை உன் அய்யாவிடம் கொடுத்துவிட்டேன். அவர் "ம்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அந்த அறிக்கையை நீ படித்துக் காட்டியபோது ஒரு பக்கத்தில் நிறுத்தி, என்னையே படிக்கச் சொன்னாய். எழுத்துக்கூட்டிப் படித்தேன். நிலத்தின் பழைய நிலை பற்றித் தகவல் தந்தவர் என்று போட்டு, என் பெயரை முழுதாகப் போட்டு, நடவுத் தொழிலில் முப்பது ஆண்டுக்கு மேல் அனுபவம் உள்ளவர், இவர் சொன்ன அளவுகள் வரைபடத்தோடு ஒத்துப்போகின்றன என்று அச்சடித்திருந்தது. எங்கள் வீட்டுப் பத்திரத்தில் என் பெயர் கிடையாது. நான் நட்ட எந்த வயலிலும் என் பெயர் கிடையாது. அந்தப் பக்கத்தை மட்டும் உன்னிடம் கேட்டு வாங்கி, பீரோவில் சேலைக்கு அடியில் வைத்திருக்கிறேன். ஒல்லியான பிள்ளை என்று கிண்டல் செய்ததற்கு அந்தப் பெண்ணிடமும் இந்த மலர் வழியாகவே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன், நேரில் கேட்டால் மறுபடி கிண்டல் செய்துவிடுவேன்.

பிறகு ஊருக்குள்ளே ஒரு பழைய வீடு பார்த்தோம். சின்ன வீடு, வளைவு வாசல் கிடையாது. இந்த முறை நான்தான் இன்ஜினியரைக் கூப்பிடு, எல்லை அளக்க சர்வேயரையும் கூப்பிடு என்று நச்சரித்தேன். தண்ணீர் ஓடுகிற ஆடி மாதத்திலேயே பார்க்கச் சொன்னேன். ஏழு குறை எழுதிக் கொடுத்தார்கள். ஏழும் என்ன என்று தெரிந்து, எதைச் சரி செய்யலாம், எதோடு வாழ்ந்துகொள்ளலாம் என்று யோசித்து வாங்கினாய். குறை தெரிந்த வீட்டில் நிம்மதியாகத் தூங்கலாம். உன் கல்யாணத்திலும் அதே நியாயத்தைத்தான் கடைப்பிடித்தேன். என் மருமகளுக்குப் போன் செய்து, உன்னைப் பற்றி ஒரு அறிக்கை கொடுத்துவிட்டேன்: குறட்டை, ஈரத் துண்டைக் கட்டிலில் போடுவது, கிரீஸ் கையோடு பால் செம்பைத் தொடுவது, பசி வந்தால் பேச்சு நின்றுபோவது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அத்தை, நான் எழுதுனதுல இன்னும் ரெண்டு கூட இருக்கு" என்றாள். கெட்டிக்காரி. அவளிடம் மட்டும் சுத்தியலை எடுத்துக்கொண்டு போகாதே. வீட்டைத் தட்டிப் பார்க்கலாம், கட்டிக்கொண்டவளைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கேட்டால் பதில் வரும் வரை இருந்து கேள்.

போன வாரம் அந்த வீட்டில் பால் காய்ச்சினோம். செம்பு நிறையப் பால் கொண்டு வந்தது பேச்சி மதினி. நீ புதிதாக மட்டம் பார்த்துப் போட்ட தரையில் மூன்று செங்கல் வைத்து நான்தான் பற்ற வைத்தேன். பெண்கள் குலவைக்குத் தயாராக நின்றார்கள். பால் ஏறியது, நுரைத்தது, பானையின் வாய் முழுக்க ஒரே நேரத்தில் எழும்பி, சுற்றிலும் வழிந்தது. எல்லாப் பக்கமும். யாருக்கும் குலவை போட வாய் வரவில்லை, எந்தத் திசை என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "எந்தப் பக்கம்டி பொங்குச்சு?" என்று பேச்சி என்னைக் கேட்டாள். நீ மூலையில் நின்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாய், சிரிப்பை அடக்க.

முன்னொரு நாள் பள்ளத்துக்குக் குலவை போட்டவள் நான். இந்தத் தடவை மட்டம் சரியாக இருந்த தரைக்குப் போட்டேன். முதல் குலவை என்னுடையது, அது தெருக்கோடி வரை கேட்டதாக உன் அய்யா சொன்னார். சொல்லும்போது சிரித்தார், அந்த விரல் கணக்கில் இன்னொன்று சேர்ந்தது.

இப்படிக்கு, வாடகையே கொடுக்காமல் காலி செய்துவிட்டுப் போகிற உன்னைச் சந்தோஷமாக வழியனுப்பும்,
உன் அம்மா.